பினாங்கில் சிறிய திறன் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்களுக்கு: மூன்றாண்டுத் திட்டம் போடுவது எப்படி?

நிபோங் திபாலில் இருக்கும் ஒரு பையன் பிறையில் காலை எட்டரை மணி வகுப்புக்கு வர, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? உங்கள் நிலையத்தில் யாருக்காவது இதற்கு உடனே பதில் தெரிந்தால், இந்த வழிகாட்டியில் பாதியை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் நம்மவர்கள் நடத்தும் பயிற்சி நிலையங்களில் அலுவலகப் பொறுப்பு பார்த்தவன் நான். கடைவீட்டின் மாடியில் ஏர்கோன் பழுதுபார்ப்பு, வயரிங், கணினி, சிகையலங்காரம், மழலையர் பராமரிப்பு என்று நான்கைந்து பயிற்சிகள், எட்டுப் பத்து ஊழியர்கள், அறுபது எழுபது மாணவர்கள். அந்த அளவில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய கல்லூரிகளுக்குத் திட்டம் போட்டுத் தர ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஒருமுறை ஒருவர் போட்டுத் தந்தார். தூரநோக்கு, இலக்கு, விழுமியம் என்று அறுபது பக்கம், வழவழப்பான அட்டை. கடைசியாக நான் பார்த்தபோது பிரிண்டருக்கு அடியில், உயரத்துக்காக வைத்திருந்தார்கள்.

உங்களுக்குத் தேவை இரண்டு சனிக்கிழமை, ஒரு நோட்டுப் புத்தகம், கடந்த மூன்று சேர்க்கைகளின் மாணவர் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை. கூட்டத்தில் உரிமையாளர், பயிற்றுநர்கள், கணக்குப் பார்ப்பவர் இருக்க வேண்டும். முன்மேசையில் போன் எடுக்கும் பெண்ணைக் கட்டாயம் உட்கார வையுங்கள். யார் விசாரித்துவிட்டு வராமல் போனார்கள், ஏன் போனார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் படி: உங்கள் வட்டாரத்தின் எல்லையை வரையுங்கள்

பல நிலையங்கள் ‘பினாங்கு மாநிலம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. மாணவன் மாநில எல்லையைப் பார்த்து வருவதில்லை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பார்த்தால் கெடாவைச் சேர்ந்த கூலிம் பக்கத்து ஊர். பினாங்கின் பாயான் லெப்பாஸ்தான் தூரம். கே.டி.எம். கொமுட்டர் பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே சுங்கைப்பட்டாணி வழியாகவும், தெற்கே நிபோங் திபால், பாரிட் புந்தார் வழியாகவும் ஓடுகிறது. உங்கள் நிலையம் ஏதாவது ஒரு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால், வடபேராக்கில் ஒரு பகுதியும் தென்கெடாவில் ஒரு பகுதியும் உங்கள் வட்டாரம்தான்.

இன்னொன்று, மோட்டார் சைக்கிள். பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் சாலைக் கட்டணம் இல்லை. அதனால் பெருநிலத்துப் பையன்கள் தீவுக்குப் போவது செலவில்லாத காரியம் என்று நினைக்கத் தோன்றும். 1985இல் திறந்த முதல் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். அதில் காற்று மழையில் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் இரவு வகுப்பு வைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, கடந்த மூன்று சேர்க்கை மாணவர்களின் வீடு இருக்கும் இடங்களில் நீலப் புள்ளி வையுங்கள். பாதியில் நின்றவர்களுக்குச் சிவப்பு. நான் இதை முதல்முறை செய்தபோது, படிப்பில் சுமாரானவர்கள்தான் நின்றிருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். சிவப்புப் புள்ளிகளில் பெரும்பகுதி சுங்கை பாகாப்பைச் சுற்றியிருந்த தோட்டப்புறங்களில் இருந்தது. சொந்த மோட்டார் இல்லாதவர்கள். ஒரு பஸ் பிடித்து இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டியவர்கள். வகுப்பை ஒன்பதரைக்குத் தள்ளி வைத்தோம். புதிய கருவி வாங்கியபோதெல்லாம் கிடைக்காத பலன் அதில் கிடைத்தது.

இரண்டாம் படி: அரசு நிலையங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்

பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. புக்கிட் மின்யாக் பக்கம் ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தீவில், 1989இல் தொழிற்சாலைகளும் அரசும் கல்வித் துறையும் சேர்ந்து தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. அவற்றில் உள்ள இயந்திரங்களுக்கு உங்களிடம் பணம் கிடையாது. அரசு நிலையங்களின் கட்டணத்துக்கு உங்களால் இறங்கவும் முடியாது. அவர்கள் நடத்தும் அதே பயிற்சியை அதே வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தினால், அங்கே இடம் கிடைக்காதவர்கள் மட்டுமே உங்களிடம் வருவார்கள்.

அவர்களிடம் போக முடியாதவர்கள் யார் என்று பட்டியல் போடுங்கள். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு பத்திலிருந்து ஒரு மணி வரை மட்டும் நேரம் உள்ள அம்மாக்கள், ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாயோ சரித்திரமோ போய்விட்ட பிள்ளைகள். அப்புறம், பட்டறையில் இருபது வருடமாக வேலை செய்தும் கையில் ஒரு காகிதம்கூட இல்லாத அண்ணன்மார்கள்.

இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. திறன் மேம்பாட்டுத் துறையின், அதாவது ஜே.பி.கே.யின், முன்அனுபவ அங்கீகார முறை ஒன்று இருக்கிறது. ‘பி.பி.தி.’ என்பார்கள். வகுப்பில் உட்காராமல், செய்த வேலைக்கான சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டறை அண்ணனுக்கு வேலை கைவந்தது. கோப்புத் தொகுப்பதும் மலாயில் எழுதுவதும்தான் மலை. அந்த உதவிக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பொறுமையான ஒரு ஆள் போதும்.

மூன்றாம் படி: முதலாளிகளிடம் சரியான கேள்வி கேளுங்கள்

பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் 1972இல் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., எச்.பி., போஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்கப் போவதாகச் சொல்கிறது. பல நிலையங்களின் திட்டத்தில் இந்த எண் முதல் பக்கத்தில் இருக்கும். ஆனால் உங்கள் மாடியில் பொறியியலாளர் உருவாகப் போவதில்லை. அந்தத் தொழிற்சாலைகளைச் சுற்றி ஏர்கோன் சரிபார்க்க, குழாய் இணைக்க, கிடங்கு பார்க்க, கேன்டீன் நடத்த எத்தனை பேர் தேவை என்பதுதான் உங்கள் கணக்கு. அந்த ஆட்களைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் நேரடியாக எடுப்பதில்லை, குத்தகையாளர்கள் எடுக்கிறார்கள். பிறையிலும் சிம்பாங் அம்பாட்டிலும் பத்து காவானிலும் இருக்கும் அந்தக் குத்தகையாளர்களின் வாசலுக்குப் போங்கள்.

போனதும், ‘உங்களுக்கு என்ன திறன் தேவை?’ என்று கேட்காதீர்கள். ‘ஒழுக்கம் வேணும், கமிட்மென்ட் வேணும்’ என்று ஆரம்பிப்பார்கள். அதை வைத்துப் பாடத்திட்டம் எழுத முடியாது. இப்படிக் கேளுங்கள்: கடைசியாக யாரை வேலைக்கு எடுத்தீர்கள்? முதல் நாள் அவரிடம் என்ன வேலை கொடுத்தீர்கள்? முதல் மாதத்தில் யாராவது ஓடிப்போனார்களா, ஏன்? என்ன சம்பளம்? ஓர் ஏர்கோன் குத்தகையாளர் என்னிடம் சொன்னார்: “கேஸ் அடிக்கத் தெரியலன்னா பரவால்ல சார், நான் சொல்லிக் குடுத்துடுவேன். ஏணியில ஏறப் பயப்படுறான். லோரி லைசென்ஸ் இல்ல. கஸ்டமர் வீட்டுல மலாய்ல ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்குறான்.” அடுத்த சேர்க்கையிலிருந்து உயரத்தில் வேலை செய்வதற்கு மூன்று நாளும், வாடிக்கையாளரிடம் மலாயில் பேசுவதற்கு வாரம் ஒரு மணி நேரமும் சேர்த்தோம். பத்து முதலாளிகளைப் பார்த்தால் போதும். பதினோராவது ஆள் புதிதாக எதுவும் சொல்ல மாட்டார்.

வயரிங் நடத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திறன் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் வயர்மேனாக வேலை செய்துவிட முடியாது, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சேரும்போதே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சேர்த்துவிட்டுப் பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க நேர்ந்தது எனக்கு.

இடமும் இயந்திரமும் இல்லாதவர்கள் தேசிய இரட்டைப் பயிற்சி முறையையும் யோசிக்கலாம். 2005 முதல் நடக்கிறது. பயிற்சியில் எழுபது எண்பது விழுக்காடு வேலையிடத்தில், மிச்சம் உங்களிடம். நீங்கள் பார்த்த பத்து முதலாளிகளில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டாலே ஒரு வகுப்பு அமைந்துவிடும்.

நான்காம் படி: பணம் எந்தப் பையிலிருந்து, எந்த மாதம் வருகிறது

சிறிய நிலையங்கள் மாணவர் இல்லாமல் மூடியதை விட, மாணவர் இருந்தும் பணம் வந்து சேராமல் மூடியதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் படிக்கு ஒரு முழுக் காலை வேளையை ஒதுக்குங்கள்.

நமக்குப் பணம் வரும் பை மூன்று. முதலாவது மாணவனின் பை. அதில் பெரும்பகுதி பி.தி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன். ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆவணங்கள் சரிபார்த்து, அப்புறம்தான் பணம் வரும். ஒருவரின் ஆவணத்தில் பிழை இருந்தால் அவருடைய பணம் நிற்கும். உங்கள் வாடகை நிற்காது.

இரண்டாவது முதலாளிகளின் பை, அதாவது ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டும் எச்.ஆர்.டி. கார்ப் லெவி. அதன் கீழ் வரும் துறைகளில், பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் இருந்தால் முதலாளி சம்பளத்தில் 1 விழுக்காடு கட்ட வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் என்றால் விருப்பப்பட்டு 0.5 விழுக்காட்டில் பதியலாம். உங்களுக்குத் தெரிந்த நம்மவர் பட்டறைகளில் எத்தனையில் பத்து மலேசியர்கள் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். இந்தப் பையை நம்பிப் போடும் வரவு செலவில் பாதி அங்கேயே கழியும். மிச்சமிருப்பவர்களும் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே மானியத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். ‘கிளாஸ முடிச்சுட்டு அப்புறம் கிளேம் போட்டுக்கலாம்’ என்று முதலாளி சொன்னால் தலையாட்டாதீர்கள்.

மூன்றாவது மானியப் பை: இந்தியச் சமுதாயத்துக்கான அரசுப் பிரிவான மித்ரா, மாநில அரசு, கோயில்கள், அறவாரியங்கள். வந்தால் நல்லது. ஆண்டுக்கு ஆண்டு நிபந்தனை மாறும், சில ஆண்டு அறிவிப்பே தாமதமாகும். என் வழக்கம், இந்தப் பையின் பணத்தை வாடகைக்கோ சம்பளத்துக்கோ எழுதவே மாட்டேன். வந்தால் கருவி வாங்கலாம், மாணவருக்குப் பஸ் காசு கொடுக்கலாம்.

இனி ஓர் உதாரணக் கணக்கு. வாடகை 3,500 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு பயிற்றுநர்கள், தலா 3,200 வீதம் 6,400. அலுவலக ஊழியர் ஒருவர் 2,000. இவர்கள் மூவருக்கும் முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, 1,092. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா வகையறா 200. மின்சாரம், தண்ணீர், இணையம் 900. கேஸ், செம்புக் குழாய், வயர் போன்ற பொருள்கள் 1,600. ஆக மாதம் 15,692. கடன் பணம் மூன்று மாதம் தள்ளி வந்தால் 47,076 வெள்ளியை நீங்கள் கையிலிருந்து போட்டாக வேண்டும். அது இருக்கிறதா? இல்லை என்றால் அந்தச் சேர்க்கையைத் தொடங்கக் கூடாது, அல்லது சிறியதாகத் தொடங்க வேண்டும்.

இதோடு எஸ்.பி.எம். முடிவு வரும் நாளைச் சேர்த்துப் பாருங்கள். 2023இல் ஜூன் 8, 2024இல் மே 27, 2025இல் ஏப்ரல் 24. இரண்டே ஆண்டில் ஒன்றரை மாதம் முன்னால் நகர்ந்துவிட்டது. பழைய பழக்கத்தில் ஜூலையில் சேர்க்கை வைத்திருந்தவர்கள், பிள்ளைகள் ஏற்கெனவே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதையோ தொழிற்சாலையில் ஆபரேட்டராக நுழைந்துவிட்டதையோதான் பார்த்திருப்பார்கள். திட்டத்தில் ‘ஜூலை சேர்க்கை’ என்று எழுதாமல் ‘முடிவு வந்த மூன்றாம் வாரம்’ என்று எழுதுங்கள். விளம்பரத் தாள், பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பார்ப்பது எல்லாவற்றையும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஐந்தாம் படி: எதை நிறுத்துவது?

இரண்டாம் சனிக்கிழமை இதற்குத்தான். ஒவ்வொரு பயிற்சிக்கும் நோட்டில் ஒரு பக்கம். மேலே பெயரும் நிலையும். மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று நிலை வரை, நான்கு டிப்ளோமா, ஐந்து உயர்நிலை டிப்ளோமா என்பது உங்களுக்குத் தெரியும். அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி. அந்தந்தத் தொழிலுக்கான தேசியத் தொழில்திறன் தரத்தை, நாம் ‘நோஸ்’ என்று சொல்வதை, ஒட்டித்தான் கருவிகளும் பயிற்றுநர்களும் இருக்க வேண்டும்.

அதற்குக் கீழே ஐந்து விஷயம் எழுதுங்கள்: கடைசி மூன்று சேர்க்கையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள், செலவு போக என்ன மிஞ்சியது, பயிற்றுநரின் பெயர் என்ன. பயிற்றுநர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுத இடம் விடுங்கள். அவர் நாளை வேலையை விட்டுப் போனால் அங்கே நிற்கப்போவது யார்? மதிப்பீடு செய்ய ஓர் அதிகாரி, அதை உள்ளுக்குள் சரிபார்க்க இன்னோர் அதிகாரி, வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பாளர் என்று மூன்றடுக்கு இருப்பதால், ஒரே ஆளை நம்பி நடக்கும் பயிற்சி ஒரு ராஜினாமாக் கடிதத்தில் நின்றுவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. வெல்டிங்குக்கு நல்ல தேவை இருக்கிறது என்று யாரோ சொல்ல, கடன் வாங்கி எட்டுத் தடுப்பறை, புகைபோக்கி, இயந்திரங்கள் எல்லாம் போட்டார்கள். பயிற்றுநர் அருமையான ஆள்; அவர் கைவைத்தால் தையல் போட்ட மாதிரி இருக்கும் வெல்டிங். ஏழாவது மாதம் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தச் சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியுமா? மாற்று ஆள் தேட ஐந்து மாதம். அதற்குள் பதினான்கு மாணவர்களில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். தடுப்பறைகளில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தோம். தேவை இருந்தது உண்மைதான், ஆனால் இரண்டாவது பெயரை யாரும் எழுதவில்லை.

எல்லாப் பக்கமும் நிரம்பியதும் ஒவ்வொன்றின் மேலும் ‘தொடரும்’, ‘ஓராண்டு பார்ப்போம்’, ‘நிறுத்துகிறோம்’ என்பதில் ஒன்றை எழுதுங்கள். மூன்றாவது வார்த்தை ஒரு பக்கத்திலாவது வர வேண்டும் என்று பிடிவாதமாக இருங்கள். இங்கேதான் சண்டை வரும். உரிமையாளரின் மனைவி தொடங்கிய கேக் செய்யும் வகுப்பாக இருக்கும். அமைச்சர் வந்து திறந்துவைத்த கணினி அறையாக இருக்கும். எண்களை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். நிறுத்துவது என்றால் நடுவில் இருக்கும் மாணவர்களை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்த சேர்க்கை வைக்காமல் விடுவது. பாதியில் கைவிட்ட பேர் இந்தச் சிறிய ஊரில் பத்து வருடம் போகாது.

ஆறாம் படி: நான்கு பக்கத்தில் எழுதுங்கள்

முதல் பக்கத்தில் யாருக்கு, எந்த வட்டாரத்தில், எந்தெந்தப் பயிற்சி. இரண்டாவதில் மாதவாரியாகப் பண வரவும் செலவும். மூன்றாவதில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆட்கள், இரண்டாவது பெயர்கள், யாருக்கு எந்தத் தகுதி எப்போது எடுத்துக் கொடுப்பது. நான்காவதில் முதலாண்டின் வேலைகள், பொறுப்பானவர் பெயர், தேதி. இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்குத் தலா பத்து வரி போதும். அதற்கு மேல் எழுதினால் கதை எழுதுவதாகத்தான் இருக்கும். பேசுவது தமிழில் இருக்கட்டும். எழுதுவதை மலாயிலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள், ஜே.பி.கே. ஆவணத்துக்கும் வங்கிக்கும் அப்படியே எடுத்து வைக்கலாம்.

ஏழாம் படி: ஆறு மாதம் கழித்து ஒரு போன்

திட்டம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் நம்புவது ஒரே ஒரு எண்ணைத்தான்: படிப்பு முடித்து ஆறு மாதத்துக்குப் பிறகு அதே தொழிலில் இருப்பவர்கள் எத்தனை பேர். சான்றிதழ் விழாவில் கைதட்டல் வாங்கியவர்களின் எண்ணிக்கை இதற்கு உதவாது. புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி போட்டால் கட்டைவிரல் படம்தான் வரும். போன் போட வேண்டும், பையன் எடுக்காவிட்டால் அம்மாவுக்கு.

எங்கள் முன்மேசைத் தங்கை ஒருநாள் அப்படிப் போட்டாள்.

“ஆன்ட்டி, சென்டர்லேருந்து பேசுறேன். தம்பி ஏர்கோன் வேலையிலதான இருக்காரு?”

“அத விட்டு நாலு மாசமாச்சும்மா. இப்பக் கிராப் ஓட்டுறான்.”

“ஏன் ஆன்ட்டி, சம்பளம் பத்தலையா?”

“சம்பளம் இருந்துச்சு. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கூப்புடுறாங்க, ஓவர்டைம் காசு குடுக்கல. நீங்களாவது அந்த மொதலாளிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

அதே முதலாளியிடம் எங்கள் மாணவர்கள் மூன்று பேர் போயிருந்தார்கள். மற்ற இரண்டு வீட்டுக்கும் அன்றே போன் போட்டோம். இரண்டு பேரும் வேலையை விட்டிருந்தார்கள். அடுத்த சேர்க்கைக்கு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தோம்.

இந்தப் போன் பேச்சுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு பக்கத் திட்டத்தையும் அந்த நோட்டையும் ஒரே மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் உட்காருங்கள். தைப்பூச வாரத்தையும் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தையும் தவிர்த்துவிட்டு, நான்கு கூட்டத்தின் தேதியையும் இப்போதே நாட்காட்டியில் வட்டமிடுங்கள். முதல் கூட்டத்துக்கு வருகிறவர் ஒவ்வொருவரும், வருவதற்கு முன் பழைய மாணவர் ஐந்து பேருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். உரிமையாளரும்தான்.